பட்டறைக்கு இடம் வாங்கும் சிறுதொழில் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு,

வணக்கம். சிறு பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுவதே என் தொழில். சென்ற ஆண்டு என் மேசைக்கு வந்த ஒரு பேரேட்டில் "நிலமும் கட்டடமும் – ரூ. 1,20,00,000" என்று ஒரே வரி இருந்தது. அதற்குப் பக்கத்தில் 10 விழுக்காடு தேய்மானம் (சொத்து பழசாவதற்காக ஆண்டுதோறும் வருமானத்தில் கழிக்கும் தொகை) ரூ. 12,00,000 என்று பென்சிலால் குறித்திருந்தார்கள். கிரயப் பத்திரத்தைப் புரட்டினால் அதிலும் மொத்தத் தொகை மட்டுமே. நேரில் போய்ப் பார்த்தேன்: தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், ஓர் ஆழ்துளைக் கிணறு, மூன்று பக்கம் சுற்றுச்சுவர், மற்றதெல்லாம் வெறும் மண். பொறியாளர் அந்தக் கட்டுமானம் முழுவதையும் ரூ. 35 லட்சமாக மதிப்பிட்டார். மண்ணுக்குத் தேய்மானம் கிடையாது, கட்டுமானத்துக்கு மட்டும்தான். அப்படியானால் அந்த ஆண்டு கழிக்கத்தக்கது ரூ. 3.5 லட்சம்தான்; மிச்சம் எட்டரை லட்சத்துக்கான வரி, வரித்துறை கேட்டால் வட்டியோடு கட்ட வேண்டிய தொகை.

தேய்மானம் பெறும் கட்டடத்தில் அது நிற்கும் மனை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் ஆல்ப்ஸ் தியேட்டர் வழக்கிலேயே தீர்ப்பளித்துவிட்டது. சேர்த்து வாங்கினாலும் நிலத்தையும் கட்டடத்தையும் தனித்தனிச் சொத்துகளாகவே எழுத வேண்டும் என்பதுதான் கணக்கியல் தரங்களின் நிலையும். தோண்டத் தோண்டத் தீர்ந்துபோகும் கல்குவாரி போன்ற சில நிலங்களே விதிவிலக்கு. மனையின் விலை ஏறிவிட்டதே, ஷெட்டுக்கு எதற்குத் தேய்மானம் என்று கேட்பவர்களையும் பார்த்திருக்கிறேன். மண்ணின் விலை ஏறுவதால் தகரம் துருப்பிடிக்காமல் இருந்துவிடாது. கம்பெனியாக நடத்துவோருக்கு 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை தொழிற்சாலைக் கட்டடத்துக்கு 30 ஆண்டும், வேலிக்கும் கிணற்றுக்கும் 5 ஆண்டும் ஆயுள் குறித்திருப்பதால், கிணற்றை ஷெட்டோடு சேர்த்து எழுதுவதும் பிழையே. பள்ளமான மனையில் கிராவல் கொட்டி மேடாக்கிய செலவு நிலத்தின் விலையோடு சேரும். சிப்காட்டில் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மனையைச் "சொந்த நிலம்" என்று எழுதுவது வேறு வகைத் தவறு. அதற்குக் கட்டிய தொகையைக் கணக்குப் புத்தகத்தில் குத்தகைக் காலம் முழுவதும் பிரித்துக் கழித்துவர வேண்டும்.

பலர் யோசிக்காதது விற்கும் நாளைத்தான். தேய்மானம் எடுத்த கட்டடத்தை விற்பதில் வரும் ஆதாயம், எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும், குறுகிய கால ஆதாயமாகவே கருதப்படும். நிலமோ 24 மாதங்களைத் தாண்டினால் நீண்ட கால ஆதாயத்துக்குரிய குறைந்த வரிக்குள் வரும். இரண்டையும் ஒரே வரியில் கலந்து எழுதியவர், நிலத்துக்குக் கிடைக்க வேண்டிய சலுகைக்கும் சேர்த்து வழக்காட வேண்டியிருக்கும்.

ஆகவே கிரயம் முடிக்கும் முன்பே பத்திரத்தில் மனைக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையை அதனோடு சேர்த்து வையுங்கள். ஏற்கெனவே மொத்தமாக எழுதிவிட்டவர்கள், வாங்கிய தேதியின் மதிப்புக்கு இப்போதாவது ஓர் அறிக்கை பெற்று, இந்த ஆண்டுக் கணக்கை முடிக்கும் முன் உங்கள் ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் சிலருக்குக் கணக்கு எழுதுபவன்