நைனாவோட முகவீணையைக் கொடுத்துட்டேன், அண்ணா

அண்ணா,

நைனா செத்த நாள்ல எழுதினா நீ படிக்க மாட்டே. போன வருஷம் படையல் போட்டோ அனுப்பினதுக்கு ரெண்டு கை கூப்பின படம் ஒண்ணு வந்துச்சு, அவ்வளவுதான். அதனால ஜூலை 1 வரட்டும்னு இருந்தேன். உன்னோட அமெரிக்க ஜாஸ் புல்லாங்குழல்காரர் ஹெர்பி மான் செத்த நாள். இன்னிக்கு நீ எந்த ஊர்ல இருந்தாலும் அவர் ரெக்கார்டைப் போட்டுக்கிட்டு மனசு இளகி உக்காந்திருப்பே. இன்னிக்குச் சொன்னா உன் காதுல விழும்.

நைனா கூத்துக்கு ஊதின அந்தச் சின்ன நாயனம், முகவீணை, அதைக் கொடுத்துட்டேன். விக்கலை, கொடுத்தேன். நைனாகூட ஆர்மோனியம் வாசிச்சாரே, அவர் பேரனுக்கு. பத்தொன்பது வயசு. பகல்ல ராணிப்பேட்டையில ஷூ கம்பெனிக்குப் போறான், சீசன்ல ராத்திரி கூத்து ஜமாவோட போறான். போன வெள்ளிக்கிழமை வெத்தலை பாக்குத் தட்டுல வெச்சு நம்ம வாசல்லயே கொடுத்தேன். வாங்கினதும் ஊதலை. துண்டுல சுத்தி சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

போன்ல சொல்லியிருக்கலாமேன்னு கேப்பே. போன்ல "சரி பாப்பா, அப்புறம் பேசறேன்"னு வெச்சிடுவே. நாலு பேர் படிக்கிற இடத்துல எழுதினா உன்னால பதில் சொல்லாம இருக்க முடியாது. இது நியாயம் இல்லைன்னு எனக்குத் தெரியும். வேற வழி தெரியலை.

கருமாதி முடிஞ்சு கிளம்பறப்ப, "அதைப் பத்திரமா வை, நான் வந்து எடுத்துக்கறேன்"னு சொன்னே. இருபது வருஷத்துக்கு மேல வெச்சிருந்தேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எடுத்துத் துடைச்சு, எண்ணெய் தடவி, பொட்டு வெச்சேன். மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து, முகவீணை வாய்ல செருகி ஊதற சீவாளிங்களை எண்ணுவேன். நாலு இருந்துச்சு. ஒண்ணு கறுத்து நுனி வெடிச்சுது, அப்புறம் இன்னொண்ணு. எச்சில் படாத வாத்தியம் காஞ்சு செத்துடும்னு நைனா சொல்வாரு இல்ல? போன வருஷம் அடிப்பக்கத்துல நகத்தை வெச்சா தட்டற மாதிரி ஒரு கோடு தெரிஞ்சுது. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

அது மட்டும்தான் காரணம்னு சொன்னா பொய். பிப்ரவரியில உன் கச்சேரி வீடியோ பார்த்தேன். செனகல்காரர் ஒருத்தர் கோராங்கற தந்தி வாத்தியம் வாசிக்கிறாரு, துருக்கிக்காரர் நெய்ங்கற நாணல் குழல் ஊதறாரு, நடுவுல நீ வெள்ளிப் புல்லாங்குழலோட நிக்கறே. ரொம்ப நல்லா இருந்துச்சு. உண்மையாச் சொல்றேன், உன் மூச்சு இன்னும் அப்படியே இருக்கு, ஒரே மூச்சுல அவ்வளவு நீளம் இழுத்தப்ப நான் இங்க அடுப்படியில நின்னுக்கிட்டு மூச்சை அடக்கிக்கிட்டேன். அப்புறம் மைக்கைப் பிடிச்சு, எங்க அப்பா தென்னிந்தியாவில கோயில் வித்வான்னு சொன்னே. எல்லாரும் கை தட்டினாங்க.

நைனா எந்தக் கோயில்ல வித்வான், அண்ணா? திரௌபதி அம்மன் கோயில் எதிர்ல புழுதியில, பெஞ்சுக்குப் பக்கத்துல நின்னு, ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடியற வரைக்கும் கூத்துக்கு முகவீணை ஊதின மனுஷன். அதைச் சொல்ல என்ன? எந்தப் படி வரைக்கும் அவரை விட்டாங்க, எங்க நிக்கச் சொன்னாங்கன்னு உனக்கும் தெரியும். இதைப் படிக்கிறவங்கள்ல நம்ம ஊர்க்காரங்களும் இருக்காங்க, அவங்க பசங்க என் வகுப்புல உக்கார்றாங்க. இதுக்கு மேல நான் எழுத மாட்டேன்.

நீ ஏழாவது படிக்கிறப்ப உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கன்னும் எழுத மாட்டேன். பாக்கெட் கிழிஞ்சு தொங்க வந்து நின்னே. அந்த வாரம்தான் நைனா முகவீணையை நீட்டினாரு, நீ கையைப் பின்னால கட்டிக்கிட்டே. புல்லாங்குழல் கிருஷ்ணர் கையில இருக்கற வாத்தியம், அதை வெச்சுக்கிட்டு நடந்தா யாரும் அந்தப் பேரைச் சொல்ல மாட்டாங்க. அந்தக் கணக்கு எனக்குப் புரியாம இல்லை. பன்னெண்டு வயசுப் பையன் தப்பிக்க ஒரு வழி கண்டுபிடிச்சான். அதைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது.

இப்ப கேசட்.

1994ல நீ மெட்ராஸுக்குப் போறப்ப திருவலம் இரும்புப் பாலத்துக்கிட்ட பஸ்ஸுக்கு நின்னோம். பையைத் திறந்து அந்தத் தொண்ணூறு நிமிஷ கேசட்டை எடுத்து என் கையில கொடுத்தே. ஏ பக்கம், 1961ல நியூயார்க்ல வில்லேஜ் கேட்ங்கற கிளப்புல ஹெர்பி மான் வாசிச்சது. பி பக்கம், அதே மூணு பாட்டுக்கும் நீ நம்ம திண்ணையில உக்காந்து வாசிச்ச பதில். மேல இருக்கற ரெண்டு காதையும் உடைச்சே வெச்சிருந்தே, யாரும் மேல பதிஞ்சிடக்கூடாதுன்னு.

அந்த ஏ பக்கத்தை நைனாவும் கேட்டாரு, உனக்கு ஞாபகம் இருக்கா? மூணாவது பாட்டு இருபது நிமிஷம், ரெக்கார்டுல ஒரு பக்கம் முழுக்க அது ஒண்ணுதான்னு நீ பெருமையாச் சொன்னே. நைனா, "ஒரே பாட்டு இருவது நிமிசமா? நம்மாளுதான்"னாரு. முதல் பாட்டுல ரெண்டு பேர் பேஸ் வாசிக்கிறாங்கன்னு சொன்னே, அவர் தாளம் போட்டுக்கிட்டே இருந்தாரு. பாட்டுப் பேர் இன்னாடான்னு கேட்டாரு. கமின் ஹோம் பேபி, "ஊட்டுக்கு வந்துகினு கீறேன்னு அர்த்தம் நைனா"ன்னே. அவர் சிரிச்சுட்டாரு.

1998ல ஊர்ல பாரதக் கூத்து வெச்சாங்க. நீ வர்றேன்னு எழுதியிருந்தே. பதினெட்டு நாளும் நைனா ரோட்டைப் பார்த்தாரு. அப்பவே அவருக்கு நெஞ்சு சரியில்லை. வேலூர்ல டாக்டர், இனிமே ஊதவே கூடாதுன்னு சொல்லிட்டாரு. கர்ண மோட்சக் கூத்துக்கு மட்டும் ஊதறேன்னு நின்னாரு. அன்னிக்குச் சாயங்காலம் உன் லெட்டர் வந்துச்சு. வர முடியலை, ஒரு பெரிய கச்சேரி கிடைச்சிருக்குன்னு.

இதுதான் நைனா கடைசியா ஊதறதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. பதிஞ்சாகணும். பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரை வாங்கிட்டேன், வெத்து கேசட் இல்லை. ராத்திரி எட்டரைக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? நைனாவுக்குக் கால்ல போடற பிளாஸ்திரியைக் கத்திரிச்சு, நீ உடைச்ச ஓட்டை மேல ஒட்டினேன்.

பதட்டத்துல பக்கம் மாறிப்போச்சுன்னு உன்கிட்ட சொன்னேன் இல்ல? அது பொய், அண்ணா. ஏ பக்கத்தை அழிச்சிருந்தா அது உலகத்துல எங்கயாவது கடையில கிடைக்கும். உன்னோடது எங்கயும் கிடைக்காது. எனக்கு அது நல்லாத் தெரியும். உன் லெட்டர் என் இடுப்புல செருகியிருந்துச்சு. கேசட்டைத் திருப்பி பி பக்கம் போட்டேன். தெரிஞ்சே போட்டேன். என்னை மன்னிச்சிடு.

அந்த ராத்திரியை நான் எப்படிச் சொல்ல? ரெக்கார்டரை மடியில வெச்சுக்கிட்டு நைனா காலடியில உக்காந்திருந்தேன். ஆர்மோனியம், மிருதங்கம், அப்புறம் நைனா. சீவாளியை வாய்க்குள்ள ஒரு ஓரமா ஒதுக்கி ஊற வெச்சிருந்தாரு, அதனால யார் பேசினாலும் தலையை மட்டும் ஆட்டினாரு. மூணு மணி இருக்கும், கர்ணன் பொண்டாட்டி பொன்னுருவிகிட்ட விடைபெற வர்ற இடம். தேரோட்டி மகன்னு அவ அவனைத் தொட விடமாட்டா இல்ல? புஜக்கட்டை ஆட ஆட கர்ணன் பாடறான். அவன் விட்ட அடியை நைனா அப்படியே வாங்கி, கொஞ்சம் மேல தூக்கி, கடைசியில ஒரு சின்ன வளைவு போட்டுத் திருப்பித் தர்றாரு. அடுத்த அடியில வளைவு வேற மாதிரி. பெட்ரோமாக்ஸ் போய் டியூப் லைட் வந்துட்ட காலம்தான் அது, அந்த வெளிச்சத்துல அவர் கன்னம் உப்பி உப்பி இறங்கறது தெரிஞ்சுது. நடுவுல இருமல் வந்துச்சு. வாத்தியத்தை எடுக்காம, இருமலை மூக்கு வழியா விட்டுட்டுத் தொடர்ந்தாரு. கேசட்ல கேட்டா அந்த இடத்துல ஒரு அடி மட்டும் லேசா நடுங்கும். எனக்கு முன்னாடி உக்காந்திருந்த கிழவிங்க எல்லாம் முந்தானையை வாய்ல வெச்சுக்கிட்டு அழுதாங்க. அவங்க யாருக்காக அழுதாங்களோ தெரியாது. நான் உன்னை நினைச்சுக்கிட்டேன். தேரோட்டி மகன்னு சொன்னா கையைப் பின்னால கட்டிக்கிட்ட பையனை. அந்த நேரம் உன் மேல கோபமே இல்லை. நீ பக்கத்துல இருந்து இதைக் கேட்டிருந்தா போதும்னு இருந்துச்சு.

2003ல நைனா போனப்ப நீ பதினஞ்சாம் நாள் வந்தே. விசா, டிக்கெட், எல்லாம் சொன்னே. நம்பினேன், இப்பவும் நம்பறேன். நாலு நாள் இருந்தே. ஒரு சொட்டுக் கண்ணீர் வரலை. சில பேருக்கு உடனே வராதுன்னு அம்மாகிட்ட நான்தான் சமாதானம் சொன்னேன். ஜூலையில ராத்திரி பதினோரு மணிக்குப் போன் பண்ணினே. ஹெர்பி மான் போயிட்டாரு பாப்பான்னு தேம்பித் தேம்பி அழுதே. எழுபத்து மூணு வயசு, ஆறு வருஷமாப் புத்துநோய், ஆனா மே 3ஆம் தேதிகூட நியூ ஆர்லியன்ஸ்ல மேடை ஏறி வாசிச்சாரு, செத்துக்கிட்டே வாசிச்சாரு பாப்பான்னே. நான் ம் கொட்டினேன். அப்படி வாசிச்ச இன்னொரு ஆளையும் எனக்குத் தெரியும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லலை. அம்மா பக்கத்துல படுத்திருந்துச்சு.

அன்னிக்கு நீ ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் அழுதியோ என்னவோ. அப்படித்தான்னு நீ ஒரு வார்த்தை சொன்னா நான் ஏத்துக்குவேன்.

நீ கொண்டாடற மனுஷன்னு அவர் மேல எனக்கு வருஷக்கணக்காக் கோபம் இருந்துச்சு. போன கோடை லீவுல உக்காந்து அவரைப் பத்தித் தேடிப் படிச்சேன், கேட்டேன். கிளாரினெட்டுல ஆரம்பிச்ச பையன். ஜாஸ் புல்லாங்குழல் வாசிப்பியான்னு ஒருத்தர் கேட்டப்ப, அதுவரைக்கும் வாசிச்சதில்லைன்னாலும் வாசிப்பேன்னு சொல்லி உள்ள நுழைஞ்சவர். முன்னாடி போனவங்க அடிச்சுவடு பெரிசா இல்லாத பாதை. நீ மெட்ராஸ்ல முதல் பேண்டுல சேர்ந்த கதையும் இதுதானே. ஆப்பிரிக்கா போனாரு. 1962ல பிரேசில்ல ரியோவுக்கே போய் அங்கத்து இசைக்காரங்க ஜோபிம், பேடன் பவல்கூட உக்காந்து பதிஞ்சாரு. அந்த ஊர் ஆளுங்களோடவே வாசிக்கணும்னு தேடிப் போனதை நான் மதிக்கிறேன். மத்தியக் கிழக்கு, ஜப்பான்னு சுத்தினாரு, டிஸ்கோகூட வாசிச்சாரு, ஜாஸ்காரங்க பாதிப் பேர் மூக்கைச் சுளிச்சாங்க. நாகஸ்வரக்காரங்க நைனாவைப் பார்த்துச் சுளிச்ச மாதிரிதான். இதெல்லாம் நீ திண்ணையில சொன்னது.

நீ சொல்லாதது ஒண்ணு இருக்கு. அவர் ஒரு யூதக் குடும்பத்துப் பிள்ளை. பெத்தவங்க வழி கிழக்கு ஐரோப்பா. 1997ல நோய் தெரிஞ்சதுக்கு அப்புறம் சோனா டெர்ரான்னு ஒரு குழு வெச்சு, 2000ல, எழுபது வயசுல, அந்த மண்ணோட இசையை ஒரு ஆல்பமா வாசிச்சாரு. ஈஸ்டர்ன் யூரோப்பியன் ரூட்ஸ்னு பேர். உனக்குத் தெரியாம இருக்காது. எத்தனையோ ராத்திரி அவரைப் பத்திப் பேசியிருக்கே, இதை மட்டும் ஏன் சொல்லலை?

அவர் நாப்பது வருஷம் ஊர் சுத்தற வரைக்கும் அந்த இசையை யார் யாரோ எங்கெங்கேயோ வாசிச்சுக்கிட்டு இருந்தாங்க. திரும்பி வந்தப்ப எடுத்துக்க முடிஞ்சுது. இங்க அப்படி இல்லை, அண்ணா. நம்ம பக்கத்து ஜமாவுல முகவீணை இருந்த இடத்துல இப்ப கீபோர்டு நிக்குது. ஊதத் தெரிஞ்சவங்க ரெண்டு மூணு பேர், எல்லாரும் வயசானவங்க. நீ எழுபது வயசுல வந்து எடுக்கறப்ப, அந்த வளைவு எப்படிப் போடறதுன்னு சொல்லித் தர யார் இருப்பாங்க? அந்தப் பையனுக்கு இப்ப சொல்லித் தர ஒரு பெரியவர் ஆரணிப் பக்கம் இருக்காரு. அதனாலதான் கொடுத்தேன்.

இன்னொண்ணும் இருக்கு. உனக்கு நீட்டினாரு, நீ வேணாம்னே. எனக்கு யாரும் நீட்டவே இல்லை. அம்மா கழனிக்குப் போனப்ப உள்ரூம்ல உக்காந்து நான் ஊதியிருக்கேன், எட்டாவது படிக்கறப்ப. ரெண்டு நாள்ல ச ப ச வந்துடுச்சு. நைனா வாசல்ல நின்னு கேட்டுட்டு, உள்ள வராம, செருப்பை மட்டும் சத்தமா உதறினாரு. நான் வெச்சுட்டேன். அதைப் பத்தி அவரும் பேசலை, நானும் பேசலை. இதை உன்கிட்டகூட இப்பத்தான் சொல்றேன்.

கேசட்டை ஒருத்தர் கம்ப்யூட்டர்ல ஏத்திக் கொடுத்தாரு. ஒரு பென் டிரைவ் அந்தப் பையனுக்கு, ஒண்ணு உனக்கு, உன் பழைய அட்ரஸுக்கே அனுப்பறேன். முழுசாக் கேளு. நாப்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல நைனா. அப்புறம் டக்னு ஒரு சத்தம், நான் பட்டனை அமுக்கினது. கேசட் தீர்ந்துடும்னு பயந்து முன்னாடியே அமுக்கிட்டேன். அதனால கடைசி ரெண்டு நிமிஷம் அழியாம இருக்கு. நம்ம திண்ணை. நீ ஊதறே. பின்னால காக்கா கத்துது, யாரோ சைக்கிள் மணி அடிச்சுக்கிட்டுப் போறாங்க. "சோறு ஆறிப்போவுது, வாடா"ன்னு அம்மா உள்ளருந்து கூப்பிடுது. கொஞ்ச நேரம் கழிச்சு திரும்பவும் கூப்பிடுது. நீ நிறுத்தலை.

பாப்பா