பெயரில்லாத சுடுமண் சிற்பங்களின் முதுகுப்புறம் குறித்து ஒரு திறந்த மடல்

சர்வதேச அருங்காட்சியகப் பேரவையின் ஆவணப்படுத்தல் குழுவினருக்கும், பரோக் காலச் (17ஆம் நூற்றாண்டை ஒட்டிய ஐரோப்பியக் கலைக் காலம்) சுடுமண் சிற்பங்களைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் காப்பாட்சியர்களுக்கும்,

வணக்கம்.

ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்றில், பளிங்குச் சிலைகள் நிறைந்த கூடத்தை அடுத்த சிறு அறையில், ஒரு முழ உயரம்கூட இல்லாத சுடுமண் தேவதை ஒன்றின் முன் நெடுநேரம் நின்றேன். வலக்கை முழங்கைக்குக் கீழே உடைந்திருந்தது. பறக்கும் ஆடையின் மடிப்புகளில் பல் வைத்த கருவி இழுத்த கோடுகள் அழியாமல் இருந்தன. கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்த்தபோது, கழுத்துக்குப் பின்னால் ஒரு கட்டைவிரல் ஈரமண்ணை அழுத்தி வழித்த தடம் தெரிந்தது. கீழிருந்த குறிப்போ 'பெயர் அறியப்படாத கலைஞர், இத்தாலி, 17ஆம் நூற்றாண்டு, சுடுமண்' என்பதோடு முடிந்துவிட்டது. அதில் பொய் ஏதுமில்லை; ஆனால் அந்த மண் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த எதுவும் அதில் இடம்பெறவில்லை. அந்தக் குறைதான் இந்த மடலை எழுதத் தூண்டியது.

இத்தகைய சிற்பங்கள் பெயரிழந்து நிற்பதற்கான காரணத்தைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். பளிங்கில் கை வைக்கும் முன் எண்ணத்தை விரைவாக மண்ணில் பிடித்துப் பார்க்கும் பொசெத்தோவிலும், பணி கொடுத்தவரிடம் காட்டி ஒப்புதல் பெறுவதற்காகச் செம்மையாகச் செய்யும் மொதெல்லோவிலும் கையெழுத்திடும் வழக்கம் அரிது. இத்தாலியச் சிற்பி பெர்னினியின் (1598–1680) பட்டறை போன்ற பெரிய பட்டறைகளில் ஆசானும் உதவியாளர்களும் ஒரே மண்ணைப் பிசைந்தார்கள். பின்னர் சேகரிப்பாளர்கள் வந்தார்கள். வெனிஸ் நகரின் பிலிப்போ ஃபர்செத்தி தம் மாளிகையில் திரட்டி வைத்து, பின்னாளில் பெரும் சிற்பியான கனோவா சிறுவனாகப் பார்த்துக் கற்றுக்கொண்ட சுடுமண் சிற்பங்கள், 18ஆம் நூற்றாண்டின் முடிவில் ரஷ்யப் பேரரசர் முதலாம் பாவெலின் வசமாகிக் கலைக் கழகத்துக்குச் சென்று, 1919இல் ரஷ்யாவின் எர்மிதாஷ் அருங்காட்சியகத்தை அடைந்தன. இப்படி வீடும் நாடும் மாறும் பயணத்தில் ஒரு சிற்பம் தன் பெயரைத் தொலைக்கலாம். தன்னுடையதல்லாத பெரிய பெயர் ஒன்றும் அதன்மேல் ஒட்டிக்கொள்ளலாம்.

எனக்குக் கவலை தருவது பெயரின்மை அல்ல. பெயர் கிடைக்காதபோது விவரிப்பையே நிறுத்திவிடுகிறோமே, அதுதான். 'பெர்னினியின் வட்டம்', அவர் காலத்து மற்றொரு சிற்பியைச் சுட்டும் 'அல்கார்தியின் பாணி', 'பட்டறைப் படைப்பு' என்ற சொற்கள் காரணம் கூறப்படாமலே பதிவேட்டில் ஏறுகின்றன, காரணம் கூறப்படாமலே நீக்கவும்படுகின்றன. எந்த ஆண்டில், யார், எதைக் கண்டு அப்படிச் சொன்னார் என்பது பதிவில் இல்லையெனில், அடுத்து வரும் ஆய்வாளர் மீண்டும் முதல் படியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மண்ணைப் படித்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு நல்ல முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியகம் 1937இல் பெற்ற பெர்னினியின் சுடுமண் மாதிரிகளைப் பராமரிப்பு வல்லுநர் ஆன்டனி சிகல் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். மண் எந்த வரிசையில் வைத்துக் கட்டப்பட்டது, எந்தக் கருவி எங்கே இழுக்கப்பட்டது, விரல்ரேகை எங்கே பதிந்தது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். 2012இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பெர்னினியின் சுடுமண் மாதிரிகளை ஒன்றுதிரட்டிக் காட்டியபோது, அந்த வகைப் படிப்பு பொதுமக்களுக்கும் எட்டியது. பெரிய பெயருக்காகச் செலவிட்ட இந்தக் கவனத்தைப் பெயரில்லாதவற்றுக்கும் அளியுங்கள் என்பதே என் வேண்டுகோள். சொல்லப்போனால், அவற்றுக்குத்தான் அது கூடுதலாகத் தேவைப்படுகிறது. அவற்றைப் பற்றிப் பேசுவதற்கு வேறு ஆவணம் கிடையாது.

சூளையில் வெடிக்காமலிருக்க முதுகை எவ்வாறு குடைந்தார்கள், சுவரை எவ்வளவு கனத்தில் விட்டார்கள், மண் காயாமலிருக்கப் போர்த்திய ஈரத்துணியின் நெசவு எங்கேனும் பதிந்திருக்கிறதா என்பனவற்றையெல்லாம் பின்புறத்திலும் அடிப்புறத்திலும்தான் தேட வேண்டும். உட்புறச் சுவரில் மண்ணைத் துண்டுதுண்டாக அழுத்திய தடம் இருந்தால், அது அச்சில் எடுக்கப்பட்டது என்று ஐயுற இடமுண்டு. காய்ந்து வேகும்போது மண் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வரை சுருங்குவதால், ஒரு சுடுமண்ணிலிருந்து அச்செடுத்துச் செய்த மறுபிரதி மூலத்தைவிடச் சிறியதாகவே அமையும். எனவே துல்லியமான அளவுகளை வெளியிட்டாலே பல ஐயங்கள் தீரும்.

காலக்கணிப்பு குறித்தும் ஒரு சொல். சூளையின் வெப்பம் கனிமத் துகள்களில் சேர்ந்திருந்த கதிர்வீச்சின் நினைவை அழித்துவிடுகிறது. பின்னர் ஆண்டுதோறும் சேர்வதை அளந்து வயதைக் கணிப்பதே வெப்ப ஒளிர்வு முறை. 17ஆம் நூற்றாண்டு மண்ணை 19ஆம் நூற்றாண்டுப் போலியிலிருந்து பிரித்துக் காட்ட அது உதவும். லூவர் அருங்காட்சியகம் 1866இல் வாங்கிய, மறுமலர்ச்சிக் காலக் கவிஞர் பெனிவியேனியைக் காட்டும் மார்பளவுச் சுடுமண் சிலை, அந்தக் காலத்தது அன்று, 19ஆம் நூற்றாண்டுச் சிற்பி பாஸ்தியானினியின் கைவேலை என்று தெரியவந்த வரலாறு இருக்கும்போது, இச்சோதனையின் பயனை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஆசானையும் மாணவனையும் அது பிரித்துக் காட்டாது. மேலும், ஊடுகதிர்ப் படமும் சி.டி. ஸ்கேனும் மண்ணில் புதிய கதிர்வீச்சைச் சேர்ப்பதால், மாதிரித் துகளை முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். எது முதலில் நடந்தது என்பதையும் பதிவேடு சொல்ல வேண்டும்.

பெயரில்லாதவரை எப்படி அழைப்பது என்பதில் எங்கள் மொழிக்கு ஒரு பழைய வழி உண்டு. குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவரின் பெயர் கிடைக்கவில்லை. 'செம்புலப் பெயனீர் போல' என்ற அவரது உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினாரும் அப்படித்தான் பெயர் பெற்றார். பெயர் தொலைந்தாலும் சொல் தொலையவில்லை என்ற மதிப்பு அதில் இருக்கிறது. உங்கள் துறையிலும் இது புதிதன்று: வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்திலுள்ள, சீற்றத்தோடு பாயும் தந்தச் சிற்பத்தை வடித்தவரைச் 'சீற்ற தேவதைகளின் ஆசான்' என்றே அறிஞர்கள் அழைக்கிறார்கள். ஒரே கையின் பழக்கம் இரண்டு மூன்று சுடுமண் சிற்பங்களில் உறுதியாகத் தென்பட்டால், அந்தக் கைக்கும் இப்படி ஒரு பெயர் சூட்டத் தயங்காதீர்கள். ஒரே ஒரு சிற்பம்தான் இருக்கிறது என்றால், பொருத்தமில்லாத பெரும்பெயரைக் கடன் வாங்குவதைவிட 'அறியப்படவில்லை' என்பதே நேர்மை. அதன் கீழே அந்தக் கை செய்ததை நான்கு வரியில் எழுதுங்கள்.

ஆகவே, இணையப் பதிவேடுகளில் ஒவ்வொரு சுடுமண் சிற்பத்துக்கும் பின்புற, அடிப்புறப் படங்களைக் கட்டாயமாக்கும் வழிகாட்டுதல் ஒன்றைத் தங்கள் குழு வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நான்கு புறமும் நடந்து பார்க்க இடம்விட்டால் இன்னும் நல்லது. அறை சிறியதெனில் பின்னால் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியாவது வைக்கலாம். நான் கண்ட அந்தத் தேவதையின் முதுகைப் படமெடுக்கும் நாளில், கழுத்துக்குப் பின்னாலுள்ள கட்டைவிரல் தடத்தின் அருகே ஓர் அளவுகோலையும் வைத்து எடுக்குமாறு அந்தக் காப்பாட்சியரைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அந்தச் சிற்பத்தின் பார்வையாளர்களில் ஒருவர்