கிரேன் வேண்டாம், குதிரை போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இடைக்கால ஐரோப்பாவின் நைட் (knight) எனப்படும் குதிரை வீரர்களைப் பற்றி வந்த நாலு பக்கக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் அதில் இருந்த ஒரு வரி என் வீட்டில் வம்பை இழுத்துவிட்டது. கவசத்தின் எடை தாங்காமல் அந்த வீரர்களைக் கிரேன் வைத்துத்தான் குதிரை மேல் ஏற்றினார்கள் என்று போட்டிருந்தீர்கள். ஆறாம் வகுப்பு படிக்கும் என் பேரன் அதைப் பள்ளியில் சொல்லிவிட்டு வந்து, "கிரேன் வச்சுத் தூக்குற ஆளு கீழ விழுந்தா எப்படித் தாத்தா எந்திரிப்பான்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதானே? நான் முப்பத்திரண்டு வருஷம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். பழங்கால வீரர்கள் உடம்பை எப்படித் தயார் செய்தார்கள் என்று தேடிப் படிப்பது ஓய்வுக்குப் பிறகு வந்த கிறுக்கு. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் எடை. 15ஆம் நூற்றாண்டில் போருக்கு அணிந்த முழுத் தகட்டுக் கவசம் ஏறக்குறைய 20 முதல் 25 கிலோ. ஒரு சிப்பம் அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப்பத்தைத் தோளில் தூக்கினால் பாரம் முழுக்க ஒரே இடத்தில் அழுத்தும். கவசம் அப்படி இல்லை. காலுக்கு ஒரு துண்டு, தொடைக்கு ஒரு துண்டு, கைக்கு ஒரு துண்டு என்று உடம்பெங்கும் வாரால் கட்டியிருப்பார்கள். குதிரையில் எதிரெதிரே வந்து ஈட்டியால் மோதும் விளையாட்டுக்கென்று செய்த கவசம் இதைவிடக் கனம்தான். ஆனால் அது விளையாட்டுக்கு. அதைப் போட்டுக்கொண்டு யாரும் போர்க்களத்தில் ஓடவில்லை.

பிரான்சில் புசிகோ என்று ஒரு தளபதி இருந்தார். 1366இல் பிறந்தவர். அவர் உயிரோடு இருக்கும்போதே எழுதப்பட்ட வரலாற்றில் அவருடைய இளவயதுப் பயிற்சிகள் வருகின்றன. முழுக் கவசத்தோடு, அங்கவடியில் கால் வைக்காமல், தரையிலிருந்து ஒரே தாவில் குதிரை மேல் ஏறுவாராம். தலைக்கவசத்தை மட்டும் கழற்றிவிட்டு, மற்றதெல்லாம் உடம்பில் இருக்கக் குட்டிக்கரணம் அடிப்பாராம். கைக்கு வலு ஏற நெடுநேரம் கோடாலியால் ஓங்கி ஓங்கி வெட்டுவாராம். எனக்குப் பிடித்தது ஏணிப் பயிற்சி. சுவரில் சாய்த்த பெரிய ஏணியின் அடிப்பக்கமாக, காலே படாமல், இரண்டு கையும் சேர்ந்தாற்போல ஒவ்வொரு படியாக எம்பி எம்பி மேலே போவது. அதுவும் இரும்பு வளையச் சட்டையோடு! என் சர்வீஸில் வெறும் பனியனோடு ஒழுங்காகப் பத்து புல்-அப்ஸ் எடுத்த பையன்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இப்படிப்பட்ட ஆளுக்கா கிரேன்?

இன்னொன்று. 12ஆம் நூற்றாண்டு வீரர் என்று எழுதிவிட்டு, அதற்கு மேலே பளபளவென்று தகட்டுக் கவசம் போட்ட படத்தை அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த நூற்றாண்டில் தகடு கிடையாது. ஆயிரக்கணக்கான சின்ன இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய சட்டைதான். துருப்பிடித்தால் அதை மணலோடு பீப்பாயில் போட்டு உருட்டுவார்கள். உருட்டுகிற வேலை யாருக்கு? பயிற்சிக்கு வந்த பையனுக்குத்தான்.

சரி, எடையும் படமும் சின்னத் தவறுகள். என் பெரிய குறை வேறு. கட்டுரை முழுக்க வாள், வீரம், சத்தியம் என்று போகிறது. குதிரை வெறும் வாகனமாக ஓரத்தில் நிற்கிறது. சதுரங்கத்தில் நாம் குதிரை என்று சொல்லும் காயைத்தானே இங்கிலீஷ்காரர்கள் நைட் என்கிறார்கள்? பிரெஞ்சில் இந்த வீரருக்குப் பெயரே குதிரைக்காரர்தான். ஜெர்மனில் சவாரி செய்பவர். நைட் என்ற சொல்லுக்கோ முதலில் பையன், வேலைக்காரன் என்றுதான் பொருள். ஆனால் பிரெஞ்சு, ஜெர்மன் பெயரிலேயே பிழைப்பு இருக்கிறது. குதிரை போனால் பிழைப்பும் போச்சு.

இதற்கு வில்லியம் மார்ஷலை விட நல்ல சாட்சி கிடையாது. 1147 வாக்கில் இங்கிலாந்தில் பிறந்தவர். நாலாவது மகன், சொத்து எதுவும் வராது. பதின்மூன்று வயது வாக்கில் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் டான்கர்வில் பிரபுவின் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தாய்வழி உறவு. கிட்டத்தட்ட குருகுலவாசம்தான்: குதிரைக்குத் தண்ணீர் காட்டுவது, பந்தியில் பரிமாறுவது, இறைச்சி அறுத்து வைப்பது, நட்டு வைத்த கம்பத்தின் மேல் ஈட்டி பாய்ச்சிப் பழகுவது. பையன் நன்றாகத் தின்பான், நன்றாகத் தூங்குவான். தீனிப்பண்டாரம் என்பது போல அங்கே ஒரு பட்டப்பெயரும் வைத்தார்கள்.

இருபது வயதை நெருங்கும்போது, ட்ரின்கூர் என்ற ஊரில் சண்டை வரப்போகிற நேரத்தில் அவசரமாக அவரை நைட் ஆக்கினார்கள். சண்டையில் பையன் பிரமாதப்படுத்திவிட்டான். ஆனால் குதிரை செத்துப்போனது. அன்று இரவு விருந்தில் ஒரு பிரபு கேட்டார்: "மார்ஷல், எனக்கு ஒரு அன்பளிப்பு தாயேன். சேணத்தின் பின்பட்டை ஒன்று, இல்லையென்றால் பழைய கழுத்துப்பட்டை." அப்படி எதுவும் என்னிடம் இருந்ததே இல்லையே என்றான் பையன். "என்ன சொல்கிறாய்? இன்றைக்கு நாற்பது அறுபது உன் கைக்கு வந்ததே!" என்றதும் பந்தியே சிரித்ததாம். தோற்றவனைப் பிடித்து அவன் குதிரையையும் சேணத்தையும் மீட்புப்பணத்தையும் வாங்கினால்தான் சாப்பாடு என்பதை அத்தனை வருஷப் பயிற்சியில் பையன் மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை. கடைசியில், நைட் ஆனபோது போட்ட மேலங்கியை 22 காசுக்கு விற்று, மூட்டை சுமக்க ஒரு மட்டக்குதிரை வாங்கினான்.

அடுத்து பிரான்சில் லெ மான்ஸ் நகரத்துப் பக்கத்தில் ஒரு டோர்னமென்ட். அந்தக் காலத்து டோர்னமென்ட் இருவர் மோதும் போட்டி இல்லை. இரண்டு அணியாக நூற்றுக்கணக்கான பேர், வயல், தோப்பு, ஊர் என்று மைல் கணக்கில் துரத்திக்கொள்வது. 1130லேயே திருச்சபை தடை போட்டும் யாரும் கேட்கவில்லை. டான்கர்வில் பிரபு குதிரைகளைப் பங்கு போட்டபோது வில்லியமை மறந்துவிட்டு, கடைசியில் யாருக்கும் அடங்காத முரட்டுக் குதிரை ஒன்றைக் கொடுத்தார். பையன் கடிவாளத்தை மூன்று விரற்கடை தளர்த்தினான்; குதிரை வசப்பட்டது. காலையில் சொந்தக் குதிரை இல்லாமல் போனவன் நாலரைக் குதிரைக்குச் சொந்தக்காரனாகத் திரும்பினான். அரை என்றால் பாதிப் பங்கு.

பிற்பாடு ரோஜர் என்ற இன்னொரு வீரரோடு பங்கு சேர்ந்துகொண்டு இதையே தொழிலாக நடத்தினார். ஒரே சீசனில் இருவரும் 103 பேரைப் பிடித்ததாகக் கணக்கு வைத்திருந்தவர், அரண்மனைச் சமையல்கட்டின் எழுத்தர். (கணக்கு எப்போதும் சமையல்கட்டில்தான் இருக்கும்.) காதலியோடு ஓடிக்கொண்டிருந்த ஒரு துறவியை வில்லியம் வழியில் மறித்து, வட்டிக்கு விடப்போகிறேன் என்று அவர் வைத்திருந்த 48 பவுண்டைப் பிடுங்கி நண்பர்களோடு விருந்து சாப்பிட்ட கதையும் உண்டு. வில்லியமின் மகன் எழுதச் சொல்லி எழுதிய, 19,000 வரிக்கு மேல் நீளும் பிரெஞ்சுக் காவியத்தில் இருப்பவை இவை. புகழ்ச்சி கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் பணம் பிடுங்கியதைக்கூடப் பெருமையாகச் சொல்கிறதே, அதைத்தான் நான் கவனித்தேன்.

அதில் ஒரு காட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஷாம்பெய்ன் பகுதியில் ஒரு டோர்னமென்ட் முடிந்தது. பரிசு, பைக் (pike) என்ற பெரிய நன்னீர் மீன் ஒன்று. மீனைத் தூக்கிக்கொண்டு வில்லியமைத் தேடினால் ஆள் கொல்லன் பட்டறையில் மண்டியிட்டிருக்கிறார், தலை பட்டறைக்கல் மேல். அடி வாங்கி நசுங்கிய தலைக்கவசம் கழலவில்லை. கொல்லர் சுத்தியலும் குறடுமாக அதைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார். பரிசு வாங்க அது கழலும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உங்கள் கட்டுரையில் இப்படி ஒரு படம் போட்டிருக்கலாம்.

இதே மனிதர் பின்னால் பெம்ப்ரோக் பிரபுவாகி, 1216இல் ஒன்பது வயது அரசன் மூன்றாம் ஹென்றிக்குப் பதிலாக நாட்டையே நடத்தி, எழுபது வயதில் லிங்கன் நகரச் சண்டையில் முன்னால் நின்று பாய்ந்தார். 1219இல் இறந்தார். லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் அவருடையது என்று சொல்லும் கற்சிலை கிடக்கிறது. உடம்பில் வளையச் சட்டைதான், தகடு இல்லை.

மற்றதை விட்டாலும், அடுத்த இதழில் அந்தக் கிரேனை மட்டுமாவது இறக்கிவிடுங்கள். பேரன் அதைச் சொல்லி வகுப்பில் கைதட்டு வாங்கியிருக்கிறான். தவறு என்று இப்போது போய்ச் சொன்னால் புத்தகத்தில் போட்டிருக்கிறதே என்கிறார்களாம். தாத்தா சொன்னார் என்பது அங்கே எடுபடவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திண்டுக்கல்.