ஐப்பசியில் சூளை வேண்டாம்

ஆசிரியருக்கு,

கலைஞர்கள் சிலர் டெல்டா கிராமம் ஒன்றில் ஒரு மாதம் தங்கி, ஊர் மக்களோடு சேர்ந்து சுடுமண் குதிரைகள் செய்யப்போவதாகத் தங்கள் நாளிதழில் செய்தி கண்டேன். நல்ல முயற்சி, ஆனால் தேர்ந்தெடுத்த மாதம் ஐப்பசி! சம்பா நடவும் களையெடுப்பும் நடக்கையில் ஊரில் யார் கை ஓய்ந்திருக்கும்? சாயங்காலம் வந்து வேடிக்கை பார்ப்பதைக் கூட்டுப் படைப்பு என்று சொல்லிவிட முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் ஈரம். ஆளுயரக் குதிரையை ஒரே நாளில் எழுப்ப இயலாது. கால்கள் நான்கும் இறுகிய பிறகே வயிறு, அப்புறம்தான் கழுத்து. களிமண்ணில் மணலும் உமியும் கலந்து, சுவரை ஓர் அங்குலத்துக்கு மிகாமல் வனைந்து, உள்ளே கூடாக விட்டு, நிழலில் இரண்டு வாரமாவது ஆறவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மேல்தோல் காய்ந்ததுபோலத் தெரியும். உள்ளே ஈரம் நிற்கும். சூளையில் அது ஆவியாகி, வெளியேற வழியின்றி, மண்ணைப் பிளந்துவிடும். எங்கள் பக்கத்துச் சூளைகளில் மழைக்காலத்தில் முதலில் வெடிப்பவை தடித்த கழுத்தும் கால் மூட்டும்தான்.

முகாமைப் பங்குனி, சித்திரைக்கு மாற்றலாம். அறுவடை முடிந்து வைக்கோலும் வரட்டியும் தாராளமாகக் கிடைக்கும், குளம் வற்றியிருக்கும். மண் எடுக்க வட்டாட்சியர் அனுமதியை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குள் சூளையைப் பிரித்துவிடலாம். குதிரை வனையும் குயவர்களான வேளார்களுக்கான நாள்கூலியைத் திட்டச் செலவிலேயே சேர்த்து, பீடத்தில் அவர்கள் பெயரையும் பொறிக்க ஏற்பாட்டாளர்கள் முன்வர வேண்டும்.

– வாசகர், பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்