காரணம் தெரியவில்லை

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். நீயும் வீட்டாரும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாத குற்றத்துக்குப் பழைய சாக்குகளையே சொல்லிக் காகிதத்தை வீணாக்கப் போவதில்லை. இப்போது எழுதுவதும் அன்பு பொங்கி அல்ல. உன்னைத் திட்ட வேண்டியிருக்கிறது.

“பயனர் பாலிசியில் கணினிக்கு என்ன வேலை?” நினைவிருக்கிறதா? விண்டோஸ் 2000 வந்த புதிதில், சர்வர் அறைக் குளிரில் என்னை உட்கார வைத்து, அலுவலகக் கணினிகளுக்கும் பயனர்களுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி வகுக்கும் குரூப் பாலிசியைச் சொல்லிக்கொடுத்தபோது நீ ஆயிரம் முறை ஓதிய மந்திரம். ஆளுக்கு எழுதிய விதியில் அவர் உட்காரும் இயந்திரத்துக்குப் பங்கில்லை என்று பொருள். “லூப்பேக் தவிர” என்று, கணினியைப் பொறுத்துப் பயனர் விதி மாறும் அந்த ஒரு விலக்கை வாலில் சேர்ப்பாய். அதை நம்பியவன் சென்ற வாரம் மூன்று நாள் மண்ணைக் கவ்வினான்.

கணக்குப் பிரிவில் யாராவது இருக்கையை விட்டு எழுந்து போனால் 10 நிமிடத்தில் திரை தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பாலிசி ஒன்றை எழுதி ஊழியர்களின் கணக்குகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஓயூவில் இணைத்தேன். அங்கே எல்லாப் பிரிவினரும் கலந்து கிடக்கிறார்கள். அதனால், பாலிசி யார் யாருக்கு என்று வடிகட்டும் செக்யூரிட்டி ஃபில்டரிங்கில் இருந்த ‘ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்’ என்ற பொதுக் குழுவை எடுத்துவிட்டு, கணக்குப் பிரிவுக் குழுவை மட்டும் போட்டேன். சுத்தமான வேலை என்று எனக்கே ஒரு பூரிப்பு.

ஒருவருக்கும் திரை பூட்டவில்லை.

கணினி பாலிசியைத் தானாகப் புதுப்பிக்க 90 நிமிடம், அதன்மேல் 30 நிமிடம் வரை இழுக்கும் என்பது தெரிந்ததுதானே. காத்திருக்கப் பொறுமையில்லாமல் உடனே புதுப்பிக்கும் ஜிபிஅப்டேட் ஃபோர்ஸ் கட்டளையைக் கொடுத்தேன். குழுவில் புதிதாகச் சேர்த்தவர்களுக்கு அந்த உறுப்புரிமை ஏற வேண்டுமே என்று எல்லோரையும் வெளியேறி மீண்டும் நுழையச் சொன்னேன். மூன்றாவது முறை சொன்னபோது தலைமைக் கணக்கர் அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் வடிக்க முடியாது. கணினிகளின் கடிகாரம், எல்லோரின் நுழைவையும் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரை விட 5 நிமிடத்துக்கு மேல் விலகியிருக்கிறதா என்று பார்த்தேன். பாலிசிக் கோப்புகள் இருக்கும் சிஸ்வால் நகலாவதில் கோளாறா என்று இரண்டு கன்ட்ரோலர்களிலும் பதிப்பு எண்ணை ஒப்பிட்டேன். எல்லாம் ஒழுங்கு. போதாக்குறைக்கு, எந்தப் பாலிசி பொருந்தியது என்று காட்டும் ஜிபிரிசல்ட்டை நிர்வாகி கணக்கில் திறந்த சாளரத்தில் ஓட்டிவிட்டு, அது என் கணக்கின் கதையைத்தான் சொல்கிறது என்று புரியாமல் அரை நாளைத் தொலைத்தேன். சிரிக்காதே, நீயும் செய்திருக்கிறாய்.

ஒழுங்காக ஓட்டியபோது வந்த பதில்: பொருந்தவில்லை, காரணம் தெரியவில்லை. காரணமே எழுதாத நம் கண்ணாடிக்காரரின் விடுப்பு விண்ணப்பமேதான்.

இரண்டாம் நாள், ஆறு மாதம் முன்பு சேர்ந்த பையன் தயங்கித் தயங்கி, “இந்தப் பாலிசியைப் படிக்கக் கணினிக்கு அனுமதி இல்லையோ, சார்?” என்றான். பிரிவே கேட்க உன் மந்திரத்தை எடுத்து அவன் முகத்தில் வீசினேன். “அடிப்படை தெரியாமல் சர்வரில் கை வைக்காதே” என்று என் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். பேசாமல் போய் உட்கார்ந்துகொண்டான்.

அவன் சொன்னதுதான் சரி. 2016 ஜூனில் வந்த எம்எஸ்16-072 என்ற பாதுகாப்புத் திருத்தத்திலிருந்து, பயனருக்கான பாலிசியையும் கணினியின் அடையாளத்தைக் கொண்டுதான் விண்டோஸ் எடுத்து வருகிறது. வழியில் யாரும் புகுந்து பாலிசியை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக. ‘ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்’ என்பதில் பெயருக்கு மாறாகக் கணினிகளும் அடக்கம். நான் சுத்தம் செய்தபோது அவற்றின் படிக்கும் உரிமையும் சேர்ந்து போய்விட்டது. பாலிசியின் உரிமைகளைப் பங்கிடும் டெலிகேஷன் பக்கத்தில், கணினிகளின் குழுவான ‘டொமைன் கம்ப்யூட்டர்ஸ்’ஸுக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்தேன். அவ்வளவுதான், வரிசையாகத் திரைகள் பூட்டிக்கொண்டன. இத்தனை ஆண்டுகள் ஃபில்டரைத் தொடாமல் ஓயூவாகப் பிரித்தே காலத்தை ஓட்டியதால் இந்தக் குழியில் நான் விழாமலே இருந்திருக்கிறேன்.

பையனைத் தனியே அழைத்து, நீ சொன்னதுதான் சரி என்றேன். “பரவாயில்லை, சார்” என்றான். அதுதான் உறுத்துகிறது. திட்டியது பத்துப் பேர் நடுவில், மன்னிப்புக் கேட்டது மூடிய அறையில். நாம் முதுகுக்குப் பின்னால் நடித்துக்காட்டிச் சிரித்த பெரியவரும் இதைத்தான் செய்வார். அன்று நாம் இருவரும் “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு வந்து என்னென்ன பேசினோம் என்பது எனக்கு மறக்கவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை நானே எல்லோர் முன்னும் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். இல்லை, அவனை மறுபடியும் நடுவில் நிறுத்திக் கூச வைப்பதாகிவிடுமா? எப்படிச் சொன்னால் அவனுக்கு உறுத்தாது என்று எழுது. இந்த விஷயத்தில் நீ என்னைவிடக் கொஞ்சம் தேவலை.

கூடவே இன்னொன்றுக்கும் பதில் வேண்டும். இந்த 2016 சமாச்சாரம் உனக்கு முன்பே தெரியுமா? தெரிந்தும் மந்திரத்தைத் திருத்திச் சொல்லாமல் இருந்திருந்தால், உன் முழங்கால் வலியை நான் விசாரிக்கப் போவதில்லை.

என்றும் உன்,
பழைய சீடன்