அன்பளிப்புக் கவர் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொடைக்கானலுக்கு வரும்போதெல்லாம் வேறு இடம் தேடாமல் நேராக நம் விடுதிக்கே வண்டியைத் திருப்பும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். என் தந்தையார் வரவேற்பு மேசையில் அமர்ந்திருந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மாடியில் எந்த அறைச் சன்னலைத் திறந்தால் ஏரி தெரியும் என்பதும் எனக்குத் தெரிவதைப் போலவே உங்களுக்கும் தெரியும். சில வாரங்களாகக் கைபேசிகளில் சுற்றிவரும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "நம் விடுதியா இது?" என்று பதறிப்போய் அழைத்தவர்கள் நீங்கள்தான். தொலைபேசியில் ஆளுக்குக் கொஞ்சமாகச் சொன்னதை ஒரே இடத்தில் முழுமையாகச் சொல்லிவிடுவது முறை என்று நினைக்கிறேன்.

படத்தில் இருப்பது நம் அறைதான். தலையணையின் மேல் ஒரு வெள்ளைக் கவர், அதில் "இந்த அறையைச் சுத்தம் செய்தவருக்கு" என்ற அச்சு. 2025 ஆயுத பூஜை விடுமுறையில் தங்கிச் சென்ற ஒரு விருந்தினர் அதைப் படமெடுத்து, பில்லில் சேவைக் கட்டணம் போட்டார்கள், கவரில் பணம் வைக்காததால் மறுநாள் வெந்நீர் தரவில்லை, சம்பளம் கொடுக்க மனமில்லாத முதலாளி கூட்டிப் பெருக்கும் பெண்களைப் பிச்சையெடுக்க வைத்து அதிலும் பங்கு வாங்குகிறார் என்று எழுதியிருந்தார்.

முதல் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, நாங்கள் அப்படி ஒரு ரூபாய்கூடச் சேர்த்ததில்லை. 1,800 ரூபாய் வாடகைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. மத்திய, மாநிலப் பங்குகளாகப் பிரிந்து 45 ரூபாய் வீதம் இரண்டு வரிசைகளில் அச்சாகும். அதில் மாநிலப் பங்கைக் குறிக்கும் எஸ்.ஜி.எஸ்.டி. என்று இருந்ததை அவர் சேவைக் கட்டணம் என்று எண்ணிவிட்டார். வெந்நீர் தாமதமானது உண்மை. அன்று அதிகாலை மின்சாரம் இல்லாததால் எல்லா அறைகளுக்குமே ஏழரை மணிக்குப் பிறகுதான் வந்தது. குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் புறப்படக் காத்திருந்த குடும்பங்களுக்கு அதனால் சிரமம் ஏற்பட்டது. அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவதைத்தான் என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. நா கூசாமல் எழுதப்பட்ட அந்தப் 'பிச்சை' என்ற சொல் என்னைச் சுட்டதைவிட, நாயுடுபுரத்திலிருந்தும் ஆனந்தகிரியிலிருந்தும் பனியில் நடந்து வேலைக்கு வரும் எங்கள் பெண்களைச் சுட்டதுதான் அதிகம். அவர்களுடைய சம்பளம் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் கைக்குப் போய்விடுகிறது. அரசின் குறைந்தபட்ச ஊதியத்தோடு, ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறும் பஞ்சப்படியும் சேர்த்தே கொடுக்கிறோம். அன்பளிப்பாக வரும் பணத்தைச் சம்பளத்தில் கழித்த மாதம் ஒன்றுகூட இல்லை. இதை இவ்வளவு விவரமாக எழுதுவது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது; ஆனாலும் கேள்வி எழுந்த பிறகு பதில் சொல்லாமல் இருப்பது அதைவிடத் தவறு. இந்தக் கேள்வி உலகத்துக்குப் புதிதும் இல்லை. 2014இல் மேரியட் நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் தன் விடுதி அறைகளில் இதே போன்ற கவரை வைத்தபோது, "நீங்களே நல்ல சம்பளம் கொடுக்கலாமே" என்றுதான் அங்கும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் எங்கள் கவர் வந்த கதை வேறு. சில ஆண்டுகளுக்கு முன், அறையைக் காலிசெய்த ஒருவரின் தலையணைக்கு அடியில் ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று மடித்தபடி இருந்தது. சுத்தம் செய்யப் போன அக்கா, அன்பளிப்பாக வைத்திருக்கிறார் என்று நினைத்து எடுத்துக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் வத்தலக்குண்டிலிருந்து தொலைபேசி வந்தது: பணத்தை மறந்து வைத்துவிட்டேன், உங்கள் ஆள் எடுத்துவிட்டார் என்று. அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து, வைத்த மடிப்புக் கலையாத அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வாளியோடு அடுத்த அறைக்குப் போனார். அன்று மாலை வரை அவர் யாரிடமும் பேசவில்லை.

அதன் பிறகு, அறையில் கிடக்கும் காசு ஒரு ரூபாயாக இருந்தாலும் வரவேற்பில் ஒப்படைத்து, மறந்த பொருள்களுக்கான நோட்டில் எழுத வேண்டும் என்று விதி வைத்தேன். விதி அவர்களைப் பாதுகாத்தது. ஆனால் மனமுவந்து மேசைமேல் நூறு ரூபாய் வைத்துவிட்டுப் போன விருந்தினரின் பணமும் அந்த நோட்டிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. மறந்ததா, கொடுத்ததா என்று யார் சொல்வது? அதற்காகத்தான் கவர். அதற்குள் இருந்தால் கொடுத்தது, வெளியே இருந்தால் மறந்தது. இவ்வளவுதான் அதன் பொருள். அதைத் தலையணையின் மேல், கண்ணுக்கு நேராக வைத்தது என் பிழை. களைத்து வந்து படுக்கப் போகிறவருக்கு அது கை நீட்டுவதாகத் தோன்றியிருக்கலாம் என்பதை இப்போது உணர்கிறேன்.

பெட்டி தூக்கி வரும் பையன் வாசலில் நிற்கிறான், அவனுக்குக் கிடைத்துவிடுகிறது; சாப்பாடு கொண்டுவருபவருக்கும் அப்படியே. அறையைச் சுத்தம் செய்பவர் மட்டும் நீங்கள் கோக்கர்ஸ் வாக்கிலோ பிரையண்ட் பூங்காவிலோ இருக்கும்போது வந்துபோகிறார். அவருடைய வேலை நன்றாக இருந்தால் அங்கே ஒருவர் வந்துபோனதே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை முக்கால்வாசி அறைகள் ஒன்றாகக் காலியாகும். மதியத்துக்குள் அடுத்த குடும்பங்கள் படியேறும். இடையில் ஓர் அறைக்குக் கிடைப்பது முப்பது, முப்பத்தைந்து நிமிடம். அதற்குள் பிறந்தநாள் கேக்கின் கிரீமைத் தரைவிரிப்பிலிருந்து சுரண்ட வேண்டும், கைகழுவும் தொட்டியில் பிரியாணித் தட்டைக் கழுவியதில் அடைத்த சோற்றைக் கம்பியால் குத்தி எடுக்க வேண்டும், தலையணை உறையில் மருதாணிக் கறை இருந்தால் வெள்ளைத் துணிகளோடு சேராமல் தனியே ஒதுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இங்கே ஒரு பெட்ஷீட் காய இரண்டு நாள்கூட ஆகும். ஈரத்தில் விரல்நுனிகள் வெடித்து, அதன் மேல் பிளீச்சிங் பவுடர் படும் எரிச்சலோடுதான் நீங்கள் பார்க்கும் அந்த மடிப்பில்லாத படுக்கை விரிகிறது.

பங்கு வாங்குகிறார் என்று எழுதியதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். யு.பி.ஐ. வந்த பிறகு உங்கள் பையில் சில்லறை இருப்பதில்லை. "ரூம் கிளீன் பண்ற அக்காவுக்கு" என்று சொல்லி வரவேற்பில் இருக்கும் க்யூ.ஆர். அட்டையிலேயே பலர் பணம் போடுகிறார்கள். அது விடுதியின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அறை எண்ணையும் தேதியையும் நோட்டில் குறித்து, சனிக்கிழமை மாலை உரியவரிடம் ரொக்கமாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறோம். ஆளுக்கொரு க்யூ.ஆர். வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். ஒருவருடைய கைபேசி மகனிடம் இருக்கிறது, இன்னொருவருக்கு வங்கிக் குறுஞ்செய்தி கணவரின் எண்ணுக்குப் போகிறது. ரொக்கமே போதும் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். அந்த நோட்டு இனி வரவேற்பு மேசையிலேயே இருக்கும். நீங்கள் கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

இத்தனைக்கும் நடுவில் எங்களுக்கு நேர்ந்த பெரிய இழப்பு, பதினான்கு ஆண்டுகள் நம்மோடு இருந்த அக்கா வேலையை விட்டு நின்றுவிட்டது. அந்தப் படத்துக்குக் கீழே எழுதப்பட்டவற்றை அவருடைய மகள் படித்துக் காட்டியிருக்கிறாள். "நான் யார்கிட்டயும் கேட்டதில்லையே தம்பி" என்று ஒரே வரி சொன்னார். வீட்டுக்குப் போய் இரண்டு முறை அழைத்தும் அவர் மனம் மாறவில்லை. அவரோடு இன்னொருவரும் நின்றுவிட்டார். புதியவர்கள் வேலை பழகும் வரை, தொடர்ந்து தங்குபவர்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் படுக்கை விரிப்பு மாற்றப்படும் என்பதையும், ஜனவரி முதல் தேதியிலிருந்து வாடகை 150 ரூபாய் கூடி, அறை ஒப்படைக்கும் நேரம் காலை பத்து மணி ஆகிறது என்பதையும் கனிவோடு கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

கவர் இனி தலையணை மேல் இருக்காது. கேட்பவர்களுக்கு மட்டும் வரவேற்பில் கொடுப்போம். கேட்காதவர்களிடம் அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். எவ்வளவு கொடுப்பது வழக்கம் என்று சிலர் கேட்டீர்கள். தொகை சொல்வது முறையாகாது என்றாலும், கொடுப்பவர்களில் பெரும்பாலோர் நாளொன்றுக்கு ஐம்பது அல்லது நூறு வைக்கிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். கொடுக்க நினைத்தால், புறப்படும் நாளில் மொத்தமாகக் கொடுக்காமல் அன்றன்றைக்கே கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை உங்கள் அறையைத் துடைத்தவர் ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் இருக்கலாம். கடைசி நாள் கவர் அன்று வேலைக்கு வந்தவருக்குத்தான் போகும். கொடுக்காதவருக்கும் அதே வெந்நீர், அதே கம்பளி, அதே கவனிப்பு.

படத்தைப் பார்த்த பிறகும் மே மாத மலர்க் கண்காட்சிக்கு இப்போதே அறை பதிவு செய்திருக்கும் ஒன்பது குடும்பங்களுக்கும், நின்றுபோன அக்காவுக்குக் கொடுக்கச் சொல்லித் தஞ்சாவூரிலிருந்து புடவை அனுப்பிய அம்மாவுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. புடவையை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன், அம்மா. வாங்கிக்கொண்டார்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
விடுதி உரிமையாளர்,
கொடைக்கானல்