பேட்டிங் வரிசையைக் கணிப்பவர்களே, ஏப்ரலில் ஒருமுறை திரும்பி வாருங்கள்

அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக் அணிகளின் தொடக்க நாள் பேட்டிங் வரிசையை வருடாவருடம் முன்கூட்டியே எழுதித் தரும் பேஸ்பால் செய்தியாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம். குளிர்காலம் முழுக்க எனக்குத் துணை உங்கள் எழுத்துதான். ஒரு வீரர் அணி மாறிய அன்றே, புது அணியில் அவர் எத்தனையாவதாக இறங்குவார் என்று எழுதிவிடுகிறீர்கள். நான் அதை ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் ஒன்பது பெயராக எழுதிவைப்பேன். சீசன் தொடங்கும் அன்று, அணியை நடத்தும் மேனேஜர் கொடுக்கும் நிஜ வரிசை வலது பக்கம் ஏறும். ஆனால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் நேரத்தில் உங்களைக் காணோம். நீங்கள் அடுத்த கணிப்புக்குப் போய்விடுகிறீர்கள். அதுதான் என் வருத்தம்.

ஒப்பிடுவது லேசான வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும். 2025 மார்ச் 18, டோக்கியோ டோமில் நடந்த சீசனின் முதல் ஆட்டத்தையே பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் முதல் மூன்று பேர் ஒட்டானி, பெட்ஸ், ஃப்ரீமன் என்றுதான் என் நோட்டில் இருந்தது. மூக்கி பெட்ஸ் உடம்பு சரியில்லாமல் எடை குறைந்து, ஆட்டத்துக்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார். ஃப்ரெடி ஃப்ரீமன் விலாப் பக்க வலியால் கடைசி நேரத்தில் விலகினார். ஒட்டானிக்கு அடுத்து டாமி எட்மன் இறங்கினார், மூன்றாவதாக டியோஸ்கார் ஹெர்னாண்டஸ். எந்த இடத்தில் எந்தப் பெயர் என்று கறாராக எண்ணினால், நான்காவது இடத்தில் டியோஸ்காரை எழுதியிருந்தவருக்கு அதுவும் தப்பு. அது நியாயமா? மேலே இருந்தவர்கள் இல்லாததால்தானே அவர் ஒரு படி ஏறினார்? இல்லாதவர்களை எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பவர்களில் யாருக்குப் பின் யார் என்று பார்த்தால், ஒட்டானிக்குப் பின் டியோஸ்கார் என்பது சரிதான்; நடுவே எட்மன் வந்தது மட்டும்தான் வேறு. காயத்தால் வந்த பிழையும் மேனேஜரின் மனசைத் தவறாகப் படித்த பிழையும் ஒன்றல்ல. நீங்களே கணக்குப் பார்த்துப் பிரித்துச் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.

2024-இல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு நடந்ததும் இந்தக் காய வகைதான். டி.ஜே. லமேஹியூ முதலில் இறங்குவார் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. மார்ச் மாதம் அவர் அடித்த பந்தே அவர் பாதத்தில் பட்டுவிட, க்ளேபர் டோரஸ் அந்த இடத்துக்கு வந்தார். அடுத்து சோட்டோ, அப்புறம் ஜட்ஜ். அது மாறவில்லை.

ஆனால் அடுத்த வருடம் அதே அணியில் நடந்தது வேறு. 2025 மார்ச் 27 அன்று, மில்வாக்கிக்கு எதிராக மேனேஜர் ஆரன் பூன் முதலில் இறக்கியது கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) ஆஸ்டின் வெல்ஸை! வலது கை பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ஃப்ரெடி பெரால்டாவின் பந்தை வெல்ஸ் ஹோம் ரன் அடித்தே, அதாவது வேலிக்கு வெளியே அடித்தே, தொடங்கினார். ஜனவரியில் நான் எழுதிய பக்கத்தில் வெல்ஸ் கீழ்ப் பாதியில் இருந்தார். சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களான ஸ்பிரிங் டிரெய்னிங்கிலேயே பூன் அவரை முதலிடத்தில் இறக்கிப் பார்த்ததால், மார்ச் நடுவில் எழுதியவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. கணிப்பு என்றைக்கு எழுதியது என்பது அதனால்தான் முக்கியம். நீங்கள் சத்தமில்லாமல் திருத்திவிட்டால் பழைய கணிப்பு காணாமலே போய்விடுகிறது.

இரண்டாவது ஆட்டம், மார்ச் 29. எதிரே இடது கை பிட்சர் நெஸ்டர் கோர்டெஸ். முதலில் வந்தவர் வெல்ஸ் இல்லை, பால் கோல்ட்ஷ்மிட். முதல் பந்து ஹோம் ரன். அடுத்து கோடி பெலிஞ்சர், அவருக்கு வந்த முதல் பந்தும் ஹோம் ரன். ஆரன் ஜட்ஜுக்கும் அப்படியே. மூன்று பந்து, மூன்று ஹோம் ரன். ஆட்டம் 20-9 என்று முடிந்தது. இப்போது சொல்லுங்கள், அந்த அணியின் 'தொடக்க வரிசை' எது? இரண்டுமே. எதிரணி பிட்சர் எந்தக் கை என்று பார்த்து, வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று என்று மேனேஜர்கள் இரண்டு வைத்திருக்கும்போது நீங்கள் ஏன் எங்களுக்கு ஒன்றே ஒன்று தருகிறீர்கள்?

வரிசையில் முன்பின் இருந்தால் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்பதாமவருக்குப் பின் மறுபடி முதலாமவர் என்று வரிசை சுற்றிக்கொண்டே இருக்கும்; ஆட்டத்தின் கடைசி அவுட் ஒன்பது இடத்தில் எந்த இடத்திலும் விழலாம். 162 ஆட்டத்தை ஒன்பதால் வகுத்தால் 18. ஒரு இடம் கீழே போனால் வருடத்துக்குச் சுமார் 18 முறை பேட் பிடிக்கும் வாய்ப்பு போகிறது. முதலில் இறங்குவார் என்று நீங்கள் சொன்ன பையன் ஆறாவதாக இறங்கினால் 90. நிலையான இடம் இல்லாத இளம் வீரருக்கு அந்த 90 சின்ன விஷயம் இல்லை. உங்களை நம்பி ஃபேன்டஸி விளையாட்டில் (நிஜ வீரர்களை வைத்து ஆடும் கற்பனை அணிப் போட்டி) அணி எடுப்பவருக்கும்தான்.

ஏப்ரல் முதல் வாரம் முடிந்ததும் ஒரே ஒரு கட்டுரை எழுதுங்கள். உங்கள் பழைய வரிசையைத் தேதியோடு அப்படியே போட்டு, பக்கத்தில் நிஜத்தைப் போடுங்கள். எங்கே பிசகியது, ஏன் என்று இரண்டு வரி சொன்னால் போதும். தப்பானதற்காக யாரும் உங்களைப் படிப்பதை நிறுத்தமாட்டோம். வெல்ஸை நான் எங்கே தவறவிட்டேன் என்று யோசித்த அன்றுதான் ஸ்பிரிங் டிரெய்னிங் ஆட்டங்களைக் கவனித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

என் நோட்டில் இனிமேல் பக்கத்துக்கு இரண்டு கோடு. வலது கைக்கு ஒரு வரிசை, இடது கைக்கு ஒரு வரிசை, மூன்றாவது நிஜம். முதல் இரண்டையும் நிரப்ப உங்களுக்காகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகர்களில் ஒருவர்